1,946 நாள்: பேட் கம்மின்ஸின் முதுகு சொல்லும் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக இருக்கட்டும்னு அங்கங்கே சுருக்கியிருக்கேன்.)

போன மாசம் ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு என் சித்தப்பா பையன் வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்பினான். "அண்ணா, பௌலிங் போடும்போது இடுப்புக்கு மேல இடது பக்கம் மட்டும் வலிக்குது. ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன் இருக்கு. அப்பாகிட்ட சொல்லிடாத."

அவனுக்கு 16 வயசு. வலது கை வேகப்பந்து வீச்சாளன். "இடது பக்கம் மட்டும்" என்ற மூணு வார்த்தையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போயிடுச்சு. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

"பௌலிங்கை நிறுத்து"ன்னு சொன்னா அவன் கேட்க மாட்டான். பதினாறு வயசில் நானும் கேட்டிருக்க மாட்டேன். அதனால அவனுக்குப் பிடிச்ச ஒரு பௌலரோட கதையை வாய்ஸ் நோட்டா அனுப்பினேன். அதுதான் நீண்டு இந்த எபிசோடா வந்திருக்கு. பேட் கம்மின்ஸ். உலகக் கோப்பையைத் தூக்கின கேப்டனா நமக்கெல்லாம் அவரைத் தெரியும். நான் பேசப் போறது அவர் ஆடாமல் இருந்த வருஷங்களைப் பற்றி.

முதல் டெஸ்ட், அப்புறம் ஒரு பெரிய இடைவெளி

கம்மின்ஸ் பிறந்தது 1993 மே மாதம், சிட்னியில். வளர்ந்தது பக்கத்தில் இருக்கிற புளூ மவுண்டன்ஸ் பகுதியில். சின்ன வயசில் சகோதரி தெரியாமல் கதவைச் சாத்தியதில் வலது கை நடுவிரலின் நுனி போயிடுச்சு. பந்து பிடிக்கிற கை அதுதான். அந்த விரலை வெச்சுத்தான் பின்னாடி உலகின் நம்பர் 1 டெஸ்ட் பௌலர் ஆனார்.

2011 நவம்பர் 17, ஜோகன்னஸ்பர்க். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 18 வயசில் முதல் டெஸ்ட். இரண்டாவது இன்னிங்ஸில் 79 ரன் கொடுத்து 6 விக்கெட். கடைசி நாளில் ஆஸ்திரேலியா 310 ரன் இலக்கைத் துரத்தி 8 விக்கெட் இழந்து திணறிக்கிட்டு இருக்கும்போது, களத்தில் நின்று வெற்றி ரன்னை அடித்ததும் இதே பையன்தான். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே.

இப்போ ஒரு கேள்வி. இப்படி ஒரு அறிமுகம் கிடைச்ச பையன் அடுத்த டெஸ்ட்டை எப்போ ஆடியிருப்பார்? அடுத்த மாசமா? அடுத்த வருஷமா?

2017 மார்ச் 16-ல் ஆடினார். ராஞ்சியில், இந்தியாவுக்கு எதிராக. ரெண்டு டெஸ்ட்டுக்கும் நடுவில் 1,946 நாள். அஞ்சு வருஷம் நாலு மாசம். நான் இன்ஜினியரிங் சேர்ந்து, முடிச்சு, வேலைக்கும் போய்ச் சேர்ந்துடலாம், அவ்வளவு காலம்.

நடுவில் அவர் ஃபார்மை இழக்கலை, யாரோடும் சண்டை போட்டு வெளியே போகலை. எலும்பு உடைஞ்சுக்கிட்டே இருந்தது, அவ்வளவுதான். ஜோகன்னஸ்பர்க்குக்குப் பிறகு முதலில் குதிகாலில் பிரச்சினை. 2012-ல் கீழ்முதுகில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். 2013-ல் திரும்பவும். 2015-ல் உலகக் கோப்பை அணியில் இடம்பிடித்து, ஆஷஸ் அணிக்கும் மாற்று வீரராக அழைக்கப்பட்டு, எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைக்கும்போது இங்கிலாந்தில் மறுபடியும் முதுகு.

எலும்பு எங்கே உடையுது?

இங்கே கொஞ்சம் மெதுவாகப் போகலாம். இதுதான் எபிசோடின் மையம்.

வேகப்பந்து வீச்சாளர் ஓடி வந்து, பந்தை விடுறதுக்குச் சற்று முன்னாடி முன்காலைத் தரையில் ஊன்றுகிறார். அந்த நொடியில் தரை அவரைத் திருப்பித் தள்ளும் விசை, உடல் எடையைப் போல அஞ்சு மடங்குக்கு மேல்கூடப் போகும். 85 கிலோ ஆள்னா, 400 கிலோவுக்கு மேல் எடை ஒரு காலில் வந்து இறங்குற மாதிரி.

அதே நொடியில் முதுகு மூணு வேலை பண்ணுது. பின்னால் வளையுது, பக்கவாட்டில் சாயுது, சுழலவும் செய்யுது. வலது கை பௌலர்னா உடம்பு இடது பக்கமாகச் சாயும். அப்போ கீழ்முதுகில் இருக்கிற முள்ளெலும்புகளின் இடது பக்கம் நசுங்கும். முள்ளெலும்பின் பின்பகுதியில் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கிற ஒரு குறுகலான எலும்புப் பாலம் இருக்கு. அந்தப் பாலத்தில்தான் விரிசல் வரும். பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கம்.

வலது கை பௌலருக்கு இடது பக்கம் மட்டும் வலி. இப்போ புரியுதா, நான் ஏன் தூங்கலைன்னு?

அடுத்து, ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்னா என்ன? கீழே விழுந்து 'டக்'னு உடையறது வேற. இது ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைச்சு உடைக்கிற மாதிரி. ஒவ்வொரு பந்தும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சேதத்தை உண்டாக்கும். அதில் தப்பில்லை, எலும்பு உயிருள்ள பொருள், தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கும். ஆனா அந்த ரிப்பேர் நடக்கிற விதம்தான் சிக்கல். முதலில் சேதமான பழைய எலும்பை உடம்பு அரித்து எடுக்கும். அதுக்கு அப்புறம்தான் புது எலும்பை வைக்கும். எடுக்கிறது சீக்கிரம் நடக்கும், புதுசு வெச்சு அது கெட்டியாக மாசக்கணக்கில் ஆகும். நடுவில் இருக்கிற அந்தக் காலத்தில் எலும்பு முன்னைவிட பலவீனமாக இருக்கும். ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டு, தார் ஊற்றுவதற்கு முன்னாடியே லாரியை விடுற மாதிரிதான் அந்தச் சமயத்தில் பந்து வீசுறது.

இன்னொரு விஷயம், வயசு. ஒருத்தருக்கு 18 வயசில் உயரம் நின்றிருக்கும், தோள் அகன்றிருக்கும், 145 கிலோமீட்டர் வேகத்தில் பந்து போக ஆரம்பிச்சிருக்கும். தசை தயார். ஆனா கீழ்முதுகு எலும்பு முழுசா முதிர்ந்து கெட்டியாக இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். இதுதான் ஒவ்வொரு இளம் வேகப்பந்து வீச்சாளருக்குள்ளேயும் இருக்கிற முரண்பாடு. இன்ஜின் வந்து சேர்ந்துடும், சேஸிஸ் இன்னும் வந்திருக்காது.

65 ஓவர்

2011 மார்ச். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் போட்டியான ஷெஃபீல்டு ஷீல்டின் இறுதியாட்டம், ஹோபார்ட்டில். நியூ சவுத் வேல்ஸ் அணிக்குக் கம்மின்ஸ் முதல்தர ஆட்டங்கள் ஆட ஆரம்பிச்சு சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு ஆட்டத்தில் அவர் வீசியது 65 ஓவர். 390 பந்து. வயசு 17.

வேலையில் நான் தினமும் பார்க்கிற ஒரு விஷயம் இது. சராசரி லோடு எவ்வளவு இருந்தாலும் சர்வர் சமாளிக்கும். திடீர்னு வர்ற ஏற்றம்தான் ஆளைச் சாய்க்கும். பௌலிங்கிலும் அப்படித்தான். முதல்தர ஆட்டம் ஒன்றில் 50 ஓவருக்கு மேல் வீசினவங்களுக்கு அடுத்த மூணு நாலு வாரத்தில் காயம்படும் வாய்ப்பு கூடுறதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக் காட்டியிருக்காங்க. இதில் 'அடுத்த' என்ற வார்த்தை முக்கியம். அன்னைக்கு வலிக்காது. அன்னைக்கு நீங்க ஹீரோ. பில் பின்னாடி வரும்.

அந்த 65 ஓவர்தான் கம்மின்ஸின் முதுகை உடைச்சதுன்னு நான் சொல்லலை, அப்படி ஒரே காரணத்தில் முடிச்சுப் போட முடியாது. ஆனா ஒரு 17 வயசுப் பையன்கிட்ட பந்தைக் கொடுத்துக்கிட்டே இருந்தாங்க, அவரும் வாங்கி வீசிக்கிட்டே இருந்தார். அந்த வயசில் எவன் வேண்டாம்னு சொல்வான்?

காத்திருந்த வருஷங்களில் என்ன நடந்தது?

மூணு விஷயம் நடந்தது.

முதலாவது, அவர் ஆடாத காலத்திலும் கிரிக்கெட் ஆஸ்திரேலியா அவரைக் கைவிடலை. பந்தே போடாமல் முடிஞ்ச சீசன்களிலும் ஒப்பந்தப் பட்டியலில் அவர் பெயரை வெச்சிருந்தாங்க. மாசச் சம்பளம் வர்றவனுக்குத்தான் பொறுமையாக இருக்க முடியும். இதைக் கடைசியில் திரும்பப் பேசுவோம்.

இரண்டாவது, டென்னிஸ் லில்லி. 1970-களின் பெரிய வேகப்பந்து வீச்சாளர். லில்லிக்கே 1973-ல் வெஸ்ட் இண்டீஸ் பயணத்தில் கீழ்முதுகு எலும்பு உடைஞ்சது. உடம்பில் வாரக்கணக்கில் மாவுக்கட்டு போட்டாங்க. அவர் கதை முடிஞ்சதுன்னு நினைச்சவங்க நிறைய பேர். அவர் தன் உடம்பையும் ஆக்‌ஷனையும் திரும்பக் கட்டி, 1974-75 ஆஷஸில் ஜெஃப் தாம்சனோடு சேர்ந்து இங்கிலாந்தைக் கலங்கடிச்சார். அந்த லில்லியிடம்தான் கம்மின்ஸ் போனார். உடம்பு பக்கவாட்டில் சாய்ந்து விழாமல், ஓடி வரும் வேகம் நேராக பேட்ஸ்மேனை நோக்கியே போகிற மாதிரி ஆக்‌ஷனைச் சீர்படுத்தினாங்க. பக்கவாட்டுச் சாய்வு குறைஞ்சா அந்த எலும்புப் பாலத்தில் விழும் அழுத்தமும் குறையும்.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எதுவும் நடக்கலை. அதாவது, அவருக்கு வயசானது. பெரும்பாலும் நாலு ஓவர், பத்து ஓவர் ஆட்டங்களில் மட்டும் ஆடினார். சிட்னியில் யூனிவர்சிட்டியில் பிசினஸ் படிப்பு படிச்சார். 18, 19, 20, 21, 22, 23... எலும்பு அதன் வேகத்தில் வளர்ந்துக்கிட்டு இருந்தது. அந்த வேலையை எந்த ஜிம்மும் எந்த கோச்சும் சீக்கிரமாக முடிச்சுக் கொடுக்க முடியாது.

ராஞ்சி

2017 மார்ச்சில் ஆறு வருஷத்துக்கு அப்புறம் ஒரு ஷீல்டு ஆட்டம் ஆடி 8 விக்கெட் எடுத்தார். அதே சமயம் இந்தியாவில் மிட்செல் ஸ்டார்க் காயமடைந்து வீடு திரும்பினார். கம்மின்ஸுக்கு ஃபிளைட் டிக்கெட் போட்டாங்க.

ராஞ்சி ஆடுகளத்தில் வேகப்பந்துக்கு ஒண்ணுமே இல்லை. புஜாரா இரட்டைச் சதம் அடித்த ஆட்டம் அது. இந்தியா 200 ஓவருக்கு மேல் ஆடி 9 விக்கெட்டுக்கு 603 ரன் எடுத்தது. அந்த இன்னிங்ஸில் கம்மின்ஸ் 39 ஓவர் வீசி, 106 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். ராகுல், கோலி, ரஹானே, அஸ்வின். ஆட்டம் டிரா. ஸ்கோர்கார்டில் எல்லாரும் 4 விக்கெட்டைப் பார்ப்பாங்க. எனக்கு அந்த 39-தான் முக்கியம். 39 ஓவர் வீசிட்டு அடுத்த டெஸ்ட்டுக்கும் எழுந்து வந்தார். முதுகு தாங்கிடுச்சு.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், வேகமாகச் சொல்லிடறேன். 2017-18 ஆஷஸில் அஞ்சு டெஸ்ட்டும் ஆடி 23 விக்கெட், அந்தத் தொடரின் அதிகபட்சம். 2019-ல் டெஸ்ட் தரவரிசையில் நம்பர் 1, இங்கிலாந்தில் அஞ்சு டெஸ்ட்டில் 29 விக்கெட். 2021 நவம்பரில் டெஸ்ட் கேப்டன். இதுக்கு முன்னாடி ஒரு ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டெஸ்ட் கேப்டனாக இருந்தது 1956-ல். ரே லிண்ட்வால், பம்பாயில், ஒரே ஒரு ஆட்டம். பௌலருக்கு எதுக்கு கேப்டன் பதவி, உடம்பு தாங்காதேங்கிறதுதான் பழைய நினைப்பு. முதுகு மூணு தடவை உடைஞ்ச ஆள்தான் அந்த நினைப்பை மாத்தினார்.

2023-ஐப் பாருங்க. ஜூனில் ஓவலில் இந்தியாவை 209 ரன்னில் வென்று உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப். அடுத்த வாரமே எட்ஜ்பாஸ்டனில், எட்டு விக்கெட் போன பிறகு நேதன் லயனோடு சேர்ந்து 55 ரன் எடுத்து, 44 நாட் அவுட்டோடு ஆஷஸ் டெஸ்ட்டை ஜெயிச்சார். நவம்பரில் மும்பையில் மேக்ஸ்வெல் 201 அடிக்கும்போது எதிர்முனையில் 68 பந்தில் 12 ரன் எடுத்து நின்னது யாரு? இவர்தான். அப்புறம் அகமதாபாத் இறுதியாட்டம். 10 ஓவர், 34 ரன், 2 விக்கெட், ஒரு பவுண்டரிகூடக் கொடுக்கலை. கோலி போல்டானதும் அவ்வளவு பெரிய மைதானம் அமைதியானது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு இன்னும் கடுப்புதான், அது வேற விஷயம்.

எல்லாருக்கும் இப்படி நடக்குமா?

நடக்காது. இதைச் சொல்லாமல் விட்டா நான் உங்களை ஏமாத்தறேன்னு அர்த்தம்.

ஜேம்ஸ் பேட்டின்சன்னு ஒருத்தர். கம்மின்ஸ் அறிமுகமான அதே 2011-ல், ரெண்டே வாரம் கழிச்சு, பிரிஸ்பேனில் நியூசிலாந்துக்கு எதிராக அறிமுகம். 27 ரன்னுக்கு 5 விக்கெட், ஆட்ட நாயகன். அதே தலைமுறை, அதே வேகம், அதே முதுகு வலி. அவரும் ஓய்வெடுத்தார், ஆக்‌ஷனை மாத்தினார், கடைசியில் முதுகில் அறுவை சிகிச்சையும் பண்ணிக்கிட்டார். 21 டெஸ்ட், 81 விக்கெட். 2021-ல் சர்வதேச ஆட்டங்களில் இருந்து ஒதுங்கிட்டார். திறமையிலோ உழைப்பிலோ அவர் குறைஞ்சவர் இல்லை.

ஆக, காத்திருந்தா கம்மின்ஸ் ஆகலாம்னு உத்தரவாதம் கிடையாது. ஆனா காத்திருக்காமல் கம்மின்ஸ் ஆகியிருக்கவே முடியாது. இந்த ரெண்டு வாக்கியத்தையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

முதுகும் கணக்கை மூடிடலை. 2025 ஜூனில் லார்ட்ஸில், தன் முதல் டெஸ்ட்டில் சந்திச்ச அதே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 28 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து, 300 டெஸ்ட் விக்கெட்டைத் தாண்டினார். அந்த இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியா தோத்தது. அதுக்கு அப்புறம் ஸ்கேனில் கீழ்முதுகில் எலும்பு அழுத்தம் தெரிஞ்சது. 32 வயசு கேப்டன், சொந்த ஊர் ஆஷஸ் வருது. என்ன பண்ணினாங்க? முதல் ரெண்டு டெஸ்ட்டில் உட்கார வெச்சாங்க. டிசம்பரில் அடிலெய்டில் ஒரு டெஸ்ட் ஆடினார், ஆஷஸ் கைக்கு வந்தது, மறுபடி உட்கார வெச்சுட்டாங்க. 17 வயசில் 65 ஓவர் வீசின அதே ஆள். ஒரு கிரிக்கெட் அமைப்பு இடையில் என்ன கத்துக்கிட்டதுன்னு இதுக்கு மேல தெளிவாச் சொல்ல முடியாது.

என் கதை, அவன் கதை

இப்போ நான் தூங்காத காரணம்.

பிளஸ் டூ படிக்கும்போது நானும் வலது கை வேகப்பந்துதான். இடது பக்கம் வலி வந்தது. "வளர்ற வயசு வலிடா, ஓடினா சரியாயிடும்"னு சொன்னாங்க. காலையில் ஒரு செஷன், சாயந்திரம் ஒரு செஷன். செலக்‌ஷன் வாரத்தில் வலி மாத்திரை போட்டுக்கிட்டு வீசினேன். செலக்ட் ஆனேன். ஒரு மேட்ச்கூட ஆடலை. ஸ்கேனில் எலும்பு முழுசா விட்டுப் போயிருந்தது. சொன்னவங்க மேல எனக்கு இப்போ கோபம் இல்லை, அவங்களுக்கும் யாரும் சொல்லித் தரலை. ஆனா இன்னைக்கு 28 வயசில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார முடியாமல் நின்னுக்கிட்டே கோடு எழுதறேன்.

கம்மின்ஸுக்கும் நம்ம ஊர் பையனுக்கும் இருக்கிற வித்தியாசம் ஒப்பந்தம்தான்னு சொன்னேன் இல்லையா? ஒரு செலக்‌ஷன் போனா அடுத்த வருஷம்தான், அதுக்குள்ள போர்டு எக்ஸாம், அதுக்குள்ள வீட்டில் "போதும் விளையாட்டு". பயம் நியாயமானது. அதனாலதான் பசங்க வலியை மறைக்கிறாங்க.

நான் சித்தப்பாவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். தம்பி ரெண்டு வாரம் என்கிட்ட பேசலை. ஞாயித்துக்கிழமை செலக்‌ஷனுக்குப் போகலை, எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாங்க. எலும்பு உடையலை, ஆனா இடது பக்கம் எலும்புக்குள்ள வீக்கம் தெரிஞ்சது. விரிசலுக்கு முந்தின கட்டம். நாலு மாசம் பந்தைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

அவனைக் கேட்டுட்டுத்தான் இதைச் சொல்றேன். "சொல்லிக்கோ, பேர் மட்டும் போடாத"ன்னான். அப்புறம் கேட்டான், "அண்ணா, நாலு மாசம்னா எத்தனை நாள்?"

"நூத்தி இருபது."

கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. மனசுக்குள்ள 1,946-லிருந்து கழிச்சுப் பார்த்திருப்பான்னு நினைக்கிறேன்.

உங்க வீட்டிலேயோ தெருவிலேயோ வேகமா பந்து போடுற பையனோ பொண்ணோ இருந்தா, ஒரு தடவை கேளுங்க: "ஒரு பக்கம் மட்டும் வலிக்குதா?" ஆமான்னு சொன்னா வலி மாத்திரை வேண்டாம், டாக்டரைப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.